தெருச் சந்தை ஏன் அந்தத் தெருவில்? வரைபடத்தை வைத்துத் தேடத் தொடங்குபவர்களுக்கு

முன்பின் பார்க்காத ஒரு நகரத்தின் வரைபடத்தைக் கையில் கொடுத்து, தெருச் சந்தை எங்கே இருக்கும் என்று கேட்டால் பெரும்பாலோர் விரல் வைப்பது நீளமான, அகலமான, வண்டிகள் நிறைந்த மெயின் ரோட்டின் மேல்தான். கூட்டம் அங்கேதானே போகிறது என்பது அவர்கள் கணக்கு. நேரில் போனால் சந்தை அநேகமாக அங்கே இருக்காது. அந்த ரோட்டிலிருந்து ஒரே ஒரு முறை திரும்பினால் வரும் தெருவில் இருக்கும், அல்லது ரோட்டுக்கு இணையாகப் பின்னால் ஓடும் தெருவில் இருக்கும்.

லண்டனை எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் தெரு வலையமைப்பு, அதாவது தெருக்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் விதம் பற்றிய ஆய்வுகள் நிறைய அங்கேதான் நடந்திருக்கின்றன. லெதர் லேன் சந்தை, கிரேஸ் இன் ரோட்டுக்கும் ஹட்டன் கார்டனுக்கும் நடுவே இரண்டுக்கும் இணையாக ஓடும் ஒரு குறுகிய தெரு. ரிட்லி ரோடு சந்தை, ரோமானியர் காலத்து நெடும்பாதையின் தடத்திலேயே இன்றும் போய்க்கொண்டிருக்கும் கிங்ஸ்லாந்து ஹை ஸ்ட்ரீட்டிலிருந்து பக்கவாட்டில் பிரிகிறது. சாப்பல் மார்க்கெட், ஏஞ்சல் சந்திப்புக்குப் பக்கத்தில் லிவர்பூல் ரோட்டிலிருந்து கிளம்பி பென்டன் ஸ்ட்ரீட்டில் போய் முடிகிறது. மூன்றுமே மெயின் ரோட்டின் மேல் இல்லை, ஆனால் மூன்றுமே மெயின் ரோட்டை விட்டு விலகியும் இல்லை. இதற்கு நேர்மாறாக ஒயிட்சாப்பல் சந்தை பெரிய நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே பரவிக் கிடக்கிறது, அதையும் பின்னால் பார்ப்போம்.

"ஒரு திருப்பம்" என்ற இந்த ஊகம் உங்கள் கையில் இருக்கும் நகரத்துக்குப் பொருந்துகிறதா, பொருந்தினால் எந்த அளவுக்கு, பொருந்தாத இடங்களில் என்ன நடக்கிறது என்று நீங்களே சோதித்துப் பார்ப்பதற்கான வழிதான் கீழே இருப்பது. கணினி நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பொறுமை வேண்டும், முக்கியமாக மூன்றாவது படியில்.

முதல் படி: எதைச் சந்தை என்று எண்ணப் போகிறீர்கள்?

இதை முடிவு செய்யாமல் வரைபடத்தைத் திறக்காதீர்கள். தினமும் ஒரே தெருவில் நடக்கும் சந்தை, வாரத்தில் ஒரு நாள் மட்டும் கூடும் சந்தை, கூரை போட்ட கட்டடத்துக்குள் நடக்கும் சந்தை, யாரும் பெயர் வைக்காமல் ரயில் நிலைய வாசலில் தானாகச் சேர்ந்த நடைபாதைக் கடைகள், ஒரு மைதானத்தை வாடகைக்கு எடுத்து நடத்தும் சந்தை என்று எல்லாமே பேச்சு வழக்கில் சந்தைதான். ஆனால் அவை இடம் பிடிக்கும் விதம் ஒன்றல்ல. தானாகச் சேர்ந்த கடைகள் ஆள் நடமாட்டத்தைத் தேடி வந்தவை. மைதானச் சந்தை காலி இடம் கிடைத்ததால் அங்கே போனது. கட்டடச் சந்தை யாரோ ஒரு அதிகாரியின் முடிவு. மூன்றையும் ஒரே பட்டியலில் போட்டுக் கணக்குப் பார்த்தால் சராசரியில் எல்லாம் கரைந்துபோய், வலையமைப்புக்கும் சந்தைக்கும் சம்பந்தமே இல்லை என்பது போன்ற ஒரு விடை வரும்.

தொடங்குபவர்களுக்கு என் யோசனை: தெருவிலேயே நடப்பது, வாரத்தில் பல நாட்கள் கூடுவது, பல காலமாக அதே இடத்தில் இருப்பது என்ற மூன்றும் பொருந்தும் சந்தைகளை மட்டும் முதலில் எடுங்கள். மற்றவற்றைத் தனிப் பட்டியலில் குறித்து வையுங்கள், பிறகு ஒப்பிட உதவும்.

இரண்டாம் படி: கணினிக்கு முன் கால்

சந்தையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடங்கள். கடைகள் எந்த முனையில் நெருக்கமாக இருக்கின்றன, எங்கே மெலிகின்றன என்று பாருங்கள். மெயின் ரோட்டைத் தொடும் முனையில்தான் பொதுவாகக் கடைகள் அடர்த்தியாக இருக்கும், இடத்துக்கான போட்டியும் அங்கேதான், உள்ளே போகப் போக இடைவெளி கூடும். இரண்டு முனையும் அடர்த்தியாக இருந்து நடுப்பகுதி மெலிந்திருந்தால், அந்தத் தெரு இரண்டு பெரிய பாதைகளை இணைக்கும் குறுக்கு வழியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு முனை மட்டும் அடர்த்தி என்றால் கூட்டம் ஒரே பக்கத்திலிருந்து வருகிறது என்று பொருள்.

அப்புறம் ஓர் ஓரமாக நின்று, வருகிறவர்கள் எந்தச் சந்திலிருந்து வந்து எந்தச் சந்துக்குள் போகிறார்கள் என்று கொஞ்ச நேரம் கவனியுங்கள். வரைபடத்தில் இல்லாத வழிகள் நிறையத் தெரியவரும்: இரண்டு கட்டடங்களுக்கு நடுவே உள்ள ஒரு ஆள் அகல இடைவெளி, பகலில் மட்டும் திறந்திருக்கும் கேட், படிக்கட்டு, ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்க நடைபாதை. இவையெல்லாம் குறிப்பேட்டில் ஏற வேண்டும். ஒரே ஒரு விடுபட்ட சந்து ஒரு முழுத் தெருவை முட்டுச்சந்தாக மாற்றிவிடும், அந்தத் தெருவின் எண்கள் தலைகீழாகிவிடும்.

மூன்றாம் படி: தெரு வரைபடத்தை எடுத்துச் சுத்தம் செய்வது

இலவசமாகக் கிடைப்பதில் சிறந்தது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். ஸ்டீவ் கோஸ்ட் 2004இல் தொடங்கியது, உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைந்து திருத்துகிறார்கள். ஓவர்பாஸ் டர்போ என்ற இணையக் கருவி வழியாக வேண்டிய பகுதியை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். அதில் அமெனிட்டி என்ற தலைப்பின் கீழ் மார்க்கெட்பிளேஸ் என்று குறிக்கப்பட்டவை சந்தைகள். ஆனால் அந்தக் குறி பல இடங்களில் ஒரு புள்ளியாகவோ ஒரு கட்டமாகவோதான் இருக்கும், தெருக்கோட்டின் மேல் இருக்காது. நீங்கள்தான் ஒவ்வொரு சந்தையையும் அது உண்மையில் பரவியிருக்கும் தெருத் துண்டுகளோடு சேர்க்க வேண்டும். குறிக்கப்படாத சந்தைகளும் ஏராளம், அதற்குத்தான் இரண்டாம் படி.

தெருத் துண்டு என்று நான் சொல்வது ஒரு சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்பு வரையுள்ள பகுதியை. இனிமேல் எல்லாக் கணக்கும் இந்தத் துண்டுகளின் மேல்தான்.

இனி சலிப்பான வேலை. நடுவில் தடுப்பு உள்ள ரோடு வரைபடத்தில் இரண்டு இணைக்கோடுகளாக இருக்கும், அதை அப்படியே விட்டால் கணினி இரண்டு தனித்தனி ரோடுகள் என்று நினைத்து, அந்த ரோட்டின் முக்கியத்துவத்தை இரண்டாகப் பங்கு போட்டுவிடும். ரவுண்டானா பல குட்டித் துண்டுகளாகச் சிதறியிருக்கும், அதை ஒரு சந்திப்பாகச் சுருக்க வேண்டும். மேம்பாலமும் அடியில் போகும் ரோடும் படத்தில் ஒன்றையொன்று வெட்டும், ஆனால் அங்கே யாரும் திரும்ப முடியாது. பாதசாரி போக முடியாத விரைவுச் சாலைகளை நடைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். பைத்தான் என்ற நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு ஜெஃப் போயிங் எழுதிய ஓஎஸ்எம்என்எக்ஸ் என்ற நிரல்தொகுப்பு இதில் பாதியைத் தானாகச் செய்துகொடுக்கும். தெரியாதவர்கள் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் கையால் திருத்தலாம். தானாகச் செய்தாலும் கடைசியில் ஒரு முறை கண்ணால் பார்த்தே தீர வேண்டும்.

அடுத்தது எல்லை. புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். நகர எல்லைக்கோட்டில் வரைபடத்தை வெட்டினால், ஓரத்தில் இருக்கும் தெருக்கள் எல்லாம் எங்கேயும் போகாத தெருக்கள் போல ஆகிவிடும், நடுவில் இருப்பவை தேவைக்கு மேல் முக்கியமாகத் தெரியும். நீங்கள் 2 கிலோமீட்டர் சுற்றளவு வரை, அதாவது ஒவ்வொரு தெருத் துண்டிலிருந்தும் 2 கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்கும் தெருக்களை மட்டும் வைத்துக் கணக்குப் போடப் போகிறீர்கள் என்றால், ஆய்வுப் பகுதியைச் சுற்றி இன்னும் குறைந்தது 2 கிலோமீட்டர் கூடுதலாக எடுத்துக் கணக்கிடுங்கள். முடிவு சொல்லும்போது அந்த வெளிவட்டத்தைக் கழித்துவிடுங்கள்.

நான்காம் படி: இரண்டு அளவுகள், முதலில் காகிதத்தில்

மென்பொருள் கொடுக்கும் சிவப்பு நீல வண்ணப் படம் (சிவப்பு உயர்ந்த எண், நீலம் குறைந்த எண்) அழகாக இருக்கும். ஆனால் அது என்ன சொல்கிறது என்று புரியாமல் அதை வைத்துப் பேசுவது ஆபத்து. ஆகவே ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள்.

நேராகப் போகும் ஒரு ரோட்டை ஐந்து துண்டுகளாக நினைத்துக்கொள்ளுங்கள்: அ, ஆ, இ, ஈ, உ. முதல் கேள்வி, ஒரு துண்டிலிருந்து மற்ற எல்லாத் துண்டுகளுக்கும் போக மொத்தம் எத்தனை அடி எடுத்து வைக்க வேண்டும் (ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போவது ஓர் அடி)? நடுவிலுள்ள இ-யிலிருந்து 2+1+1+2, மொத்தம் 6. ஓரத்திலுள்ள அ-விலிருந்து 1+2+3+4, மொத்தம் 10. குறைவான எண் உள்ள துண்டு எல்லோருக்கும் பக்கம். இதை அண்மை அளவு என்று சொல்கிறேன். போய்ச் சேர எது எளிது என்பதைக் காட்டுவது இது.

இரண்டாவது கேள்வி, மற்ற துண்டுகளுக்கு இடையே போய் வருபவர்கள் எத்தனை முறை இந்தத் துண்டைக் கடந்தாக வேண்டும்? இ-யைக் கடக்க வேண்டிய ஜோடிகள் அ-ஈ, அ-உ, ஆ-ஈ, ஆ-உ என்று நான்கு. ஆ-வைக் கடக்க வேண்டியவை மூன்று. ஓரத்தில் உள்ள அ-வை யாரும் கடக்க வேண்டியதில்லை, பூஜ்யம். இதைக் கடப்பு அளவு என்று வைத்துக்கொள்வோம். லிண்டன் ஃப்ரீமன் 1977இல் மனிதர்களுக்கிடையிலான உறவு வலைகளுக்காக வரையறுத்த அதே அளவுதான், தெருவுக்கும் அப்படியே பொருந்துகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆ-வும் இ-யும் சேரும் இடத்தில் பக்கவாட்டில் பிரிந்து, இ-யும் ஈ-யும் சேரும் இடத்தில் மறுபடி வந்து சேரும் ஒரு பின்தெருவைச் சேர்க்கிறோம், பெயர் ஊ. அடிகளை மட்டும் எண்ணினால், அந்த நான்கு ஜோடிகளுக்கும் இ வழியாகப் போனாலும் ஊ வழியாகப் போனாலும் ஒன்றுதான். ஆக நான்கு என்ற எண் ஆளுக்கு இரண்டாகப் பிரிகிறது. அதே வரைபடத்தில் திரும்பும் கோணத்தை எண்ணுங்கள்: இ வழியாகப் போனால் ஒரு திருப்பமும் இல்லை, ஊ வழியாகப் போனால் திரும்பித் திரும்பி வர வேண்டும். இப்போது இ-க்கு நான்கும் கிடைத்துவிடும், ஊ-க்கு ஒன்றும் இல்லை.

ஒரே தெரு, ஒரு கணக்கில் மெயின் ரோட்டுக்குச் சமம், இன்னொரு கணக்கில் இருப்பதே தெரியாது. எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த விஷயம் இதுதான். ஊருக்குப் புதிதாக வருபவர், வண்டியில் போகிறவர், வழி தெரியாதவர் எல்லாம் நேரான பாதையைப் பிடித்துப் போவார்கள், அவர்களுக்கு ஊ தெரியாது. அக்கம்பக்கத்தில் குடியிருப்பவருக்கு ஊ நன்றாகத் தெரியும், தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான். வண்டிகள் இ-யில் போய்விடுவதால் ஊ-வில் நின்று நிதானமாகப் பேரம் பேச இடம் இருக்கிறது. கடை விரிக்க இதைவிட என்ன வேண்டும்? மெயின் ரோட்டின் கூட்டம் கூப்பிடு தூரத்தில், மெயின் ரோட்டின் வேகம் மட்டும் இல்லை.

ஐந்தாம் படி: மென்பொருளும் சுற்றளவும்

பாதசாரிகளின் நடமாட்டத்தில் பெரும்பகுதியைத் தெருக்களின் அமைப்பே தீர்மானிக்கிறது என்ற கருத்தை முன்வைத்தது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பில் ஹில்லியர், ஜூலியன் ஹான்சன் ஆகியோர் உருவாக்கிய ஸ்பேஸ் சின்டாக்ஸ் என்ற அணுகுமுறை. அதற்காக அலஸ்டெர் டர்னர் எழுதியது டெப்த்மேப் மென்பொருள், இப்போது டெப்த்மேப்எக்ஸ் என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் நான் அண்மை என்றது இன்டக்ரேஷன் என்றும் (அங்கே எண் கூடினால்தான் எல்லோருக்கும் பக்கம் என்று பொருள்), கடப்பு என்றது சாய்ஸ் என்றும் இருக்கும். கோணக் கணக்கில் நேராகப் போனால் 0, செங்கோணத் திருப்பம் 1, முழுக்கத் திரும்பி வந்த வழியே போனால் 2. கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் எஸ்டிஎன்ஏ என்ற கருவியும் நல்லதுதான், அது கியூஜிஐஎஸ்ஸுக்குள்ளேயே வேலை செய்யும். எதையாவது ஒன்றைத் தேர்ந்து அதிலேயே இருங்கள், கருவி கருவியாக மாறுவதில் பயனில்லை.

சுற்றளவு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. முழு நகரத்துக்கும் கணக்குப் போட்டால் நெடுஞ்சாலைகள்தான் சிவப்பாக மேலே வரும். 400 மீட்டருக்குள் மட்டும் கணக்குப் போட்டால், அதாவது சுமார் ஐந்து நிமிட நடைக்குள், அங்கங்கே சின்னச் சின்ன மையங்கள் தலை காட்டும். 800 மீட்டர் என்றால் பத்து நிமிட நடை. நான் சொல்வது, குறைந்தபட்சம் 400, 800, 2000, பிறகு முழு நகரம் என்று நான்கு அளவில் போடுங்கள். தெருச் சந்தை எந்த ஒரு படத்திலும் உச்சத்தில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிறிய சுற்றளவில் நன்றாக உயர்ந்தும் பெரிய சுற்றளவில் நடுத்தரமாகவும் இருந்து, அதைத் தொடும் பக்கத்துத் துண்டு பெரிய சுற்றளவில் உச்சத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சேர்க்கைதான் தேடப்படும் பொருள். தனித் துண்டை மட்டும் பார்த்துவிட்டு "சந்தைத் தெருவின் எண் சாதாரணமாகத்தான் இருக்கிறது" என்று கைவிட்டால், எதைத் தேடி வந்தோமோ அது பக்கத்திலேயே நழுவிப் போய்விடும்.

ஆகவே ஒவ்வொரு சந்தைக்கும் ஒரு வரி எழுதுங்கள்: சந்தைத் துண்டின் அளவுகள், அருகிலுள்ள பெரிய பாதையின் அளவுகள், அந்தப் பாதையிலிருந்து எத்தனை திருப்பம், தெரு இரு பக்கமும் திறந்ததா முட்டா, பக்கச் சந்துகள் எத்தனை, நிலையமோ பேருந்து நிறுத்தமோ எவ்வளவு தூரம். எண்களை அப்படியே போடாமல் தரவரிசையாக மாற்றுங்கள், அதாவது நகரத்தின் நூறு துண்டுகளில் இது எத்தனையாவது இடம் என்பது போல. கடப்பு எண்கள் ஒரு சில தெருக்களில் மட்டும் பிரம்மாண்டமாகவும் மற்றதில் மிகச் சிறிதாகவும் இருக்கும், சராசரி எடுத்தால் அந்தச் சில தெருக்கள்தான் பேசும். நகரத்துக்கு நகரம் ஒப்பிட வேண்டுமானால் கடப்பு எண்ணைச் சமன்செய்யும் முறை ஒன்றை ஹில்லியர், யாங், டர்னர் ஆகியோர் 2012இல் கொடுத்திருக்கிறார்கள். ஒரே நகரத்துக்குள் தரவரிசையே போதும்.

ஆறாம் படி: சந்தை இல்லாத தெருக்களைச் சேருங்கள்

உங்கள் பட்டியலில் உள்ள சந்தைகள் எல்லாம் மெயின் ரோட்டிலிருந்து ஒரு திருப்பத்தில் இருக்கின்றன என்று கண்டுபிடித்துவிட்டீர்கள், சரி. ஆனால் நகரத்தில் மெயின் ரோட்டிலிருந்து ஒரு திருப்பத்தில் இருக்கும் தெருக்கள் மொத்தம் எத்தனை? நூற்றுக்கணக்கில் இருக்கும், அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் ஒரு தள்ளுவண்டிகூட நிற்பதில்லை. அவற்றை ஒப்பிடாமல் சொல்லும் எந்த முடிவும் அரைகுறைதான்.

ஒவ்வொரு சந்தைத் தெருவுக்கும் அதே வட்டாரத்தில், அதே பெரிய பாதையிலிருந்து அதே போலப் பிரியும் இரண்டு மூன்று தெருக்களைச் சந்தை இல்லாத ஜோடியாகத் தேர்ந்தெடுங்கள். பிறகு வித்தியாசத்தைத் தேடுங்கள். சந்தைத் தெரு மறுமுனையிலும் ஒரு நல்ல பாதையைத் தொடுகிறதா, ஜோடித் தெரு வீடுகளுக்குள் போய் முடிந்துவிடுகிறதா? சந்தைத் தெருவில் பக்கச் சந்துகள் அடிக்கடி வருகின்றனவா? கட்டடத் தொகுதிகள் சிறியனவா? ஜோடித் தெருவின் ஒரு பக்கம் முழுக்க ஏதாவது தொழிற்சாலைச் சுவரோ பள்ளிச் சுவரோ ஓடுகிறதா? கடைசியாகச் சொன்னது எந்த வலையமைப்பு எண்ணிலும் வராது, நேரில் போனால்தான் தெரியும்.

எண்ணிக்கை வித்தையில் இரண்டு எச்சரிக்கை. ஒரே சந்தை மூன்று துண்டுகளில் பரவியிருந்தால் அதை மூன்று சந்தையாக எண்ணிவிடாதீர்கள். அடுத்தடுத்த துண்டுகளின் எண்கள் ஒன்றையொன்று ஒத்துத்தான் இருக்கும், ஆகவே ஆயிரம் துண்டுகள் இருப்பதை ஆயிரம் தனிச் சான்றுகளாக நினைத்துப் புள்ளியியல் சோதனை போட்டால் எதுவும் உறுதியானது போல் தோன்றும்.

ஏழாம் படி: ஆள் எண்ணுவது, சந்தை இல்லாத நாளிலும்

வலையமைப்பு எண் என்பது ஒரு வாய்ப்பு மட்டுமே. அங்கே உண்மையில் ஆட்கள் நடக்கிறார்களா என்று எண்ண வேண்டும். தெருவின் குறுக்கே ஒரு கற்பனைக் கோடு போட்டு, ஐந்து நிமிடம் நின்று, இரு திசையிலும் கோட்டைத் தாண்டுபவர்களை எண்ணுவது வழக்கமான முறை. சந்தைத் தெரு, பக்கத்து மெயின் ரோடு, ஜோடித் தெரு என்று எல்லாவற்றிலும், காலை, நண்பகல், மாலை என்று வெவ்வேறு நேரங்களில் செய்ய வேண்டும். நடப்பவர்களையும் நிற்பவர்களையும் தனித்தனியாக எழுதுங்கள். சந்தைத் தெருவின் தனித்தன்மை நிற்பவர்களிடம்தான் தெரியும்.

இதில் யாரும் தவறவிடக் கூடாதது, சந்தை கூடாத நாளின் எண்ணிக்கை. சந்தை நாளில் கூட்டம் இருக்கும் என்பதில் என்ன ஆச்சரியம்? சந்தை விடுமுறை நாளிலும் அந்தத் தெருவில் ஜோடித் தெருவை விட அதிக ஆட்கள் நடந்தால், தெரு அமைப்பு அவர்களைக் கொண்டுவருகிறது என்று சொல்ல ஓரளவு துணிவு வரும். இரண்டும் சமமாக இருந்தால், சந்தைதான் கூட்டத்தை இழுக்கிறது, தெரு அல்ல. ஹில்லியர் இதை ஒரு சுழலாக விளக்கினார்: தெரு அமைப்பால் கொஞ்சம் நடமாட்டம் வருகிறது, அதை நம்பிக் கடைகள் வருகின்றன, கடைகளால் இன்னும் நடமாட்டம் பெருகுகிறது, அதனால் இன்னும் கடைகள். சுழல் பல காலம் சுற்றிய பிறகு எது முதலில் வந்தது என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். விடுமுறை நாள் எண்ணிக்கை அதைக் கொஞ்சம் பிரித்துக் காட்டும், முழுதாக அல்ல.

பொருந்தாத சந்தைகள்

எப்படியும் சில சந்தைகள் உங்கள் கணக்கை மதிக்காது. அவற்றைப் பட்டியலிலிருந்து தூக்கிவிடத் தோன்றும், தூக்காதீர்கள், அவற்றில்தான் சுவாரசியம் இருக்கிறது.

முன்பு சொன்ன ஒயிட்சாப்பல் சந்தை ஓர் உதாரணம். பெரிய நெடுஞ்சாலையின் மேலேயே இருக்கிறது, ஆனால் அங்கே நடைபாதை மிக அகலம். கடைகளின் வரிசையே வண்டிகளுக்கும் நடப்பவர்களுக்கும் நடுவே ஒரு தடுப்பாக நின்று, உள்ளே தனித் தெரு போன்ற ஓர் இடத்தை உருவாக்கிக்கொள்கிறது. அதாவது ஒரு திருப்பம் திரும்பிக் கிடைப்பதை அகலமே கொடுத்துவிடுகிறது. ஆகவே தெருவின் நடுக்கோட்டை மட்டும் வைத்துக் கணக்கிடுபவர்கள் நடைபாதை அகலத்தையும் ஒவ்வொரு சந்தையின் வரியிலும் சேர்த்துக்கொள்வது நல்லது.

இன்னொரு வகை, பழைய பாதையின் மேல் நிற்கும் சந்தை. தெரு வலையமைப்பு மாறிவிட்டது, புறவழிச்சாலை வந்துவிட்டது, பாலம் வேறு இடத்துக்குப் போய்விட்டது, ஆனால் வாடிக்கையாளரும் வியாபாரிகளும் பழக்கத்தில் அங்கேயே இருக்கிறார்கள். இன்றைய வரைபடத்தில் விடை இருக்காது. பழைய வரைபடம் கிடைத்தால் அதன் மேல் அதே கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள், பல நேரங்களில் புதிர் அங்கே அவிழும்.

ரயில் நிலையத்தை ஒட்டியவை மூன்றாவது. ரயிலில் வந்து இறங்குபவர்களைத் தெரு வலையமைப்பு பார்ப்பதே இல்லை, அவர்கள் திடீரென்று ஒரு புள்ளியில் முளைத்தது போல வருகிறார்கள். நிலையத்தின் ஒவ்வொரு வாசலையும் தனிப் புள்ளியாகக் குறித்து, அங்கிருந்து நடைதூரத்தை வேறாகக் கணக்கிட வேண்டும். நிலையம் என்று பொதுவாக ஒரு புள்ளி வைத்தால் போதாது, வாசல் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதில்தான் கடைக்காரரின் பிழைப்பே இருக்கிறது.

வாரத்தில் ஒரு நாள் கூடும் சந்தைகளுக்கு வேறு கணக்கு. அங்கே வியாபாரியே ஊர் ஊராகச் சுற்றுகிறார், ஏனென்றால் ஓரிடத்துத் தேவை தினசரிக் கடைக்குப் போதவில்லை. ஊர்கள் எந்த இடைவெளியில், எந்த அளவில் அமைகின்றன என்று விளக்க வால்டர் கிறிஸ்டாலர் 1933இல் சொன்ன மைய இடக் கோட்பாடும், சீனக் கிராமச் சந்தைகள் பற்றி வில்லியம் ஸ்கின்னர் 1964இல் வெளியிடத் தொடங்கிய கட்டுரைகளும் இதைப் புரிந்துகொள்ள உதவும். அவற்றில் கேள்வி எந்தத் தெரு என்பதை விட எந்த ஊர், எந்த நாள், ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்பதுதான். ஒரு நகரத்துக்குள்ளும் வட்டாரச் சந்தைகளின் நாட்கள் இப்படி முறை வைத்து வருகின்றனவா என்று பார்ப்பது நல்ல கூடுதல் வேலை.

கடைசியாக, இடம் மாற்றப்பட்ட சந்தைகள். தெருவில் இடைஞ்சல் என்று சொல்லி இரண்டு மூன்று திருப்பம் தள்ளிப் புதுக் கட்டடத்துக்குக் கொண்டுபோகப்பட்ட கடைக்காரர்கள் கொஞ்ச காலத்தில் பழைய தெருவுக்கே திரும்பிவிடுவது பல நகரங்களில் பார்க்கக் கிடைக்கும் விஷயம். பிடிவாதம் என்று திட்டுபவர்கள் உண்டு. பழைய இடத்துக்கும் புது இடத்துக்கும் மேலே சொன்ன எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கடப்பு அளவு எவ்வளவு விழுந்திருக்கிறது என்று தெரியும். கட்டடத்துக்குள் தேவை இருப்பவர் மட்டும் வருவார். தெருவில் வேறு எங்கோ போய்க்கொண்டிருப்பவரும் வாங்கிவிட்டுப் போவார். சிறு வியாபாரிக்கு இரண்டாமவரின் காசு இல்லாமல் கட்டுப்படியாகாது.

வெளியிடும் முன்

நீங்கள் தயாரிக்கும் வரைபடம் யார் கைக்கும் போகலாம். உரிமம் இல்லாமல் கடை போட்டிருப்பவர்களின் இடத்தை மீட்டர் சுத்தமாகக் குறித்து இணையத்தில் போட்டால், அகற்றுவதற்கான பட்டியலாகவும் அது பயன்படும். அவர்களைத் தனிப் புள்ளிகளாகக் காட்டாமல் தெருத் துண்டு அளவில் மட்டும், அதுவும் தோராயமான அடர்த்தியாகக் காட்டுங்கள். முகம் தெரியும் புகைப்படங்கள் வேண்டாம். எண்ணும்போது யாராவது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் நேராகச் சொல்லிவிடுங்கள், சொன்னால் பெரும்பாலும் அவர்களே உட்கார வைத்து எந்த முக்கில் விற்கும், எந்த முக்கில் விற்காது, எந்த நேரத்தில் நிழல் எந்தப் பக்கம் வரும் என்று விளக்குவார்கள். அந்தப் பேச்சைக் கேட்டபின் உங்கள் "பொருந்தாத" சந்தைகளின் பட்டியலைத் திறந்து திருத்த வேண்டியிருக்கும், அதற்கும் நேரம் ஒதுக்கி வையுங்கள்.